பாதியாக வந்த கிராசிங்

அக்கா மாடியில் ரயில் விடப் போகிறார் என்று என் கணவர் வந்து சொன்னபோது நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. யார் ஊருக்குப் போகிறார்கள், டிக்கெட் எடுத்தாயிற்றா என்று கேட்டேன்.

"டிக்கெட்டு இல்ல புள்ள. ரயிலே வந்துருக்குது. டப்பாவுல. தண்டவாளத்தோட."

அவருடைய அக்கா எனக்கு நங்கை. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், கூப்பிடும்போது நங்கையா. அறுபதைத் தாண்டியவர். தையல் மெஷினுக்கான உதிரி பாகங்கள் விற்கும் கடையைக் கணவரோடு சேர்ந்து நடத்தினார். கணவர் போன பிறகும் தனியாகவே நடத்தினார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் கடையை யாருக்கோ கைமாற்றிவிட்டு, திருப்பூர் மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தார். இனி டி.வி. பார்ப்பார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் போனில் ரயில் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு குளிர்நாட்டில், ஒரு கிழவர் தன் வீட்டுக் கூடத்தில் கை அளவு ரயில்களை ஓட்டும் வீடியோக்கள். அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் நங்கை படுப்பார். பின்னறை காலியாகக் கிடந்தது. என் கணவர் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு அயர்னிங், பேக்கிங் ஜாப் ஒர்க் செய்கிறார். ஆர்டர் நெருக்கும் நாட்களில் அட்டைப்பெட்டிகள் வாசல்வரை வந்து நிற்கும். அந்தப் பின்னறைமேல் அவருக்கு ஒரு கண் இருந்தது. அதில்தான் நங்கை ஒரு பெரிய பிளைவுட் பலகையைக் கால்கள்மேல் நிறுத்தி, முட்டை வடிவத்தில் தண்டவாளம் போட்டிருந்தார்.

கணவர் மேலே போய் மெதுவாகப் பேச்செடுத்திருக்கிறார். நங்கை சொன்ன பதில் கீழே சமையலறைவரை கேட்டது.

"ஒரு பாதைக்குக் குறுக்க இன்னொரு பாதை போவோணும். அதுமேல ரயிலு விழாம தாண்டிப் போறத நான் ஒருக்கா பாத்துப்போடறேன். பொறகு ரூமை நீயே வெச்சுக்க."

அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் மாலை என்னை மேலே கூப்பிட்டார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நங்கை என்னை எதற்கும் உதவி என்று கேட்டதில்லை. நான் கட்டிய பொட்டலத்தைப் பிரித்து மறுபடி கட்டுவார். நான் போட்ட கோலத்தை ஒன்றும் சொல்லாமல் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போவார். அவர் கடைக்கு ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கும் லூப்பர் வாங்க வரும் மெக்கானிக்குகள் பார்ட் நம்பரை வழியிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள் என்று என் கணவர் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கும் அவரிடம் அதே பயம்தான் இருந்தது.

"ஏங்கண்ணு, நீ கேட் ஆபரேட்டருதான?"

அருள்புரத்தில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் என் வேலைக்கு அதுதான் பெயர், ஆங்கிலத்தில் சி.ஏ.டி. என்று எழுதுவார்கள். கம்ப்யூட்டரில் டி-ஷர்ட்டின் முன்பாகம், பின்பாகம், கை எல்லாவற்றையும் வரைந்து, அளவு போட்டு, பெரிய பிளாட்டரில் காகிதத்தில் எடுத்துக் கொடுப்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொந்தக்காரர்கள் நான் கம்பெனி வாசலில் கேட் திறந்துவிடுகிறேன் என்று நினைத்ததும் உண்டு.

"ஆமாங்க நங்கையா."

"அப்ப இதைச் சித்தெ பாரு. கெரயத்துக்கு வர்ற கிராசிங்கு எதும் இந்தத் தண்டவாளத்தோட சேர மாட்டீங்குது. நாமளே செஞ்சுக்கலாமாம். வரையறதுக்குச் சாப்ட்வேர் சும்மாவே குடுக்கறாங்க. இறக்கிட்டேன். ஒண்ணும் புரீல."

எனக்குத் தெரியாது என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் முதல்முறையாக ஒன்றைக் கேட்கிறார். தவிர, வரைவது என் தொழில். டி-ஷர்ட்டை வரைகிறவளுக்கு இரண்டு கோடுகள் குறுக்கே போவதை வரைய முடியாதா?

லேப்டாப்பைக் கீழே எடுத்து வந்து திறந்தேன். என் கம்பெனி மென்பொருளில் எங்கே எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதில் எதுவும் எங்கும் இல்லை. கோடு போடும் கருவி என்று ஒன்றே இல்லை. நாம் கோடு போடக் கூடாதாம். எந்த வகைப் பாதை என்று சொன்னால் அதுவே தண்டவாளங்களையும் கட்டைகளையும் போட்டுக்கொடுக்குமாம். ஒரு பொத்தானைத் தொட்டால் பாதை நகர்ந்தது. இன்னொன்றைத் தொட்டால் வளைந்தது. மூன்றாவதைத் தொட்டபோது காணாமல் போய்விட்டது. எங்கே போனதென்று பெரிதாக்கியும் சிறிதாக்கியும் தேடிக் கடைசியில் மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்துக்கு அதில் வைரம் என்று பெயர். நடுவில் வைர வடிவில் ஒரு கட்டம் விழுவதால் அப்படிச் சொல்கிறார்கள். பட்டியலில் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்து அழுத்தினேன். திரையில் பாதிதான் வந்தது.

நிஜமாகவே பாதி. நேர்ப்பாதை ஒன்று முழுதாக இருந்தது. குறுக்குப்பாதை ஒரு பக்கத்திலிருந்து வந்து நடுவில் அப்படியே நின்றுவிட்டது. மறுபக்கம் வெறும் வெள்ளை. மறுபடி அழுத்தினேன். அதே பாதி. லேப்டாப்பை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி இறக்கினேன். பழைய பாதியே வந்து நின்றது.

"சும்மா குடுக்கறதுல பாதிதான் குடுப்பாங்களோ என்னமோ," என்றார் கணவர், சட்னியைத் தொட்டுக்கொண்டே. எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

மேலே போய் நங்கையிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"மீதி எங்கெ?"

"வரலீங்க."

"ஏன் வரலே?"

"தெரீலீங்க நங்கையா."

அதைச் சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் திட்டுவார் என்று நின்றிருந்தேன். "எனக்குந்தான் தெரீல. உக்காரு," என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் தொழிலில் டி-ஷர்ட்டின் முன்பாகத்தைப் பாதிதான் வரைவோம். நடுக்கோட்டை மடிப்பாக வைத்து மிர்ரர் கொடுத்தால், கண்ணாடியில் தெரிவதைப்போல மறுபாதி தானாக வந்துவிடும். இங்கேயும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று தோன்றியது. தேடினால் மிர்ரர் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்தப் பக்கத்துப் பாதியைப் பிரதி எடுத்து, கண்ணாடிபோல் திருப்பி, நடுவில் கொண்டுவந்து ஒட்டினேன்.

நங்கை திரையையே பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் குறுக்குப்பாதைமேல் கோடு இழுத்துக்கொண்டு போனார். விரல் மேலிருந்து சாய்வாக இறங்கி நடுவுக்கு வந்தது. வந்த பக்கமே மறுபடி மேலே ஏறிப் போய்விட்டது.

"இது வி-நெக்கு," என்றார்.

அப்படியே வி கழுத்து. குறுக்கே தாண்ட வேண்டிய பாதை, நேர்ப்பாதையைத் தொட்டுவிட்டு வந்த பக்கமே திரும்பிப் போனது. அந்தப் பாதையில் போகிற ரயில் நடுவில் நின்று, சட்டென்று மூக்கைத் திருப்பிக்கொண்டு வரவேண்டும்.

அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் ஆங்கில இணையக்குழு ஒன்று இருந்தது. தயங்கித் தயங்கி அதில் என் கேள்வியைப் போட்டேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்பவள், எனக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது, என் வைரம் பாதியாக வருகிறது என்று எழுதி, வி கழுத்தின் படத்தையும் சேர்த்திருந்தேன். மறுநாள் மதிய உணவு நேரத்தில் பார்த்தபோது பதில்கள் வந்திருந்தன. முதல் பதிலைப் படித்ததும் கொஞ்சம் நஞ்சம் புரிந்ததும் போய்விட்டது. என் தவளை தவறான பக்கம் பார்க்கிறது என்று எழுதியிருந்தார் ஒருவர்.

மாலையில் அதை நங்கையிடம் வாசித்துக் காட்டினேன்.

"தவளையா?"

"அப்படித்தான் போட்டுருக்குதுங்க."

"ரயிலுக்கும் தவளைக்கும் என்ன கண்ணு சம்பந்தம்? நீ சரியா படிச்சியா?"

இன்னொருவர் அது தவளை இல்லை, அவர்கள் நாட்டில்தான் அப்படிச் சொல்வார்கள், எங்கள் நாட்டில் வேறு பெயர் என்று விளக்கியிருந்தார். இரண்டு தண்டவாளங்கள் கூர்மையாக ஒன்றுசேரும் முனைதான் அது என்று பொறுக்கியெடுப்பதற்குள் காபி ஆறிவிட்டது. அதற்குள் அவர்கள் இருவரும் எது சரியான பெயர் என்று தங்களுக்குள் வாக்குவாதம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். என் கேள்வி அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. கடைசியாக ஒருவர் ஒற்றை வரி எழுதியிருந்தார்: பாதி வருவதுதான் சரி, அதை மிர்ரர் செய்யாதீர்கள், சுழற்றுங்கள்.

வார்த்தைகள் புரிந்தன. ஏன் என்று புரியவில்லை. எது பாதியாக வந்தாலும் மிர்ரர் கொடுக்கும் பழக்கம் என் கையில் ஊறிப் போயிருந்தது.

அது புரிந்தது கம்பெனியில் வைத்து. திரையில் டி-ஷர்ட் துண்டுகளை அடுக்கும்போது துணி மிச்சமாவதற்காகச் சில துண்டுகளைத் தலைகீழாகத் திருப்பிச் செருகுவோம். அந்தச் சமயம் ஓடிக்கொண்டிருந்தது குளிர்காலத்து ஆர்டர், உள்பக்கம் பஞ்சு எழுப்பிய துணி. அதில் எல்லாத் துண்டும் ஒரே திசை பார்க்க வேண்டும். தலைகீழாகத் திருப்பினால் நிறம் மாறித் தெரியும். அதனால் பல வாரங்களாக நான் எதையும் தலைகீழாகத் திருப்பியிருக்கவில்லை. அன்று வேறொரு சிறிய ஆர்டர் வந்தது, சாதாரணத் துணி. ஒரு துண்டைப் பிடித்து அரைச் சுற்றுச் சுற்றிவிட்டேன். மேலே இருந்த இடது முனை கீழே வலது முனையாகப் போய் உட்கார்ந்தது. கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு அதையே பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்கு ஏறினேன். பாதி வைரத்தைப் பிரதி எடுத்து அரைச் சுற்றுச் சுற்றினேன். மேலிருந்து இறங்கிய குறுக்குப்பாதை நடுவைத் தாண்டிக் கீழே நேராக ஓடியது. இரண்டு பாதிகளும் பொருந்திக்கொண்டன. நங்கை மறுபடி விரலால் கோடு இழுத்துப் பார்த்தார். இந்த முறை விரல் திரையின் விளிம்புவரை போய் நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார். பிறகு, "ஓவர்லாக் மெஷின்ல ரெண்டு லூப்பரும் ஊசியும் ஒரே எடத்துல குறுக்கும் நெடுக்கும் போவுது. ஒண்ணு மேல ஒண்ணு மோதறதில்ல. அத்தன வருசம் அந்தச் சாமானை வித்தேன், மூடியத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்து பாக்க ஒரு நாளும் நேரம் கெடைக்கல," என்றார். அவர் ரயிலைப் பற்றிச் சொன்ன ஒரே காரணம் அதுதான். அது காரணமா என்றும் எனக்குத் தெரியவில்லை.

படத்தைக் காகிதத்தில் எடுக்க வேண்டும். வீட்டுப் பிரிண்டரில் சின்னச் சின்னத் தாளாக வந்தது, ஒட்டினால் கோணியது. எங்கள் மேனேஜரிடம் அனுமதி கேட்டேன். அவர் திரையில் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் தலையாட்டினார். படத்தை எங்கள் மென்பொருளுக்குள் ஏற்றி, டி-ஷர்ட்டுகள் ஓடும் அதே பிளாட்டரில் ஒரே நீளத் தாளாக எடுத்தேன். பக்கத்து மேசைக்காரப் பெண், "என்னங்கக்கா, இதுல கை எங்க மாட்டறது?" என்று கேட்டாள்.

அதன் பிறகு வேலை நங்கையுடையது. தாளைப் பலகைமேல் ஒட்டி, செம்பு பூசிய பட்டைகளைக் கட்டைகளாக வெட்டி வைத்து, தண்டவாளக் கம்பியை அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி, கோட்டின்மேல் அச்சாக வைத்து ஈயப் பற்று வைத்தார். அவர் கடையில் மெக்கானிக்குகள் அவருக்கு ஏன் அப்படிப் பயந்தார்கள் என்று அப்போது தெரிந்தது. ஒரு முடி அளவு விலகினாலும் பிய்த்துவிட்டு மறுபடி வைப்பார். நான் வேலை முடிந்து வந்து எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். பேச்சு பெரிதாக இருக்காது. அரத்தின் சத்தம் மட்டும் இருக்கும்.

முடிந்ததும் எஞ்சினை வைப்பதற்கு முன்னால் ஒரு ரயில்பெட்டியைக் கையால் தள்ளிப் பார்த்தோம். நேர்ப்பாதையில் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தது. குறுக்குப்பாதையில் நடுவுக்கு வந்ததும் ஒரு பக்கச் சக்கரம் இறங்கிச் சாய்ந்தது. மறுபடி தள்ளினோம். அதே இடத்தில் அதே பக்கம் சாய்ந்தது. முன்பே போட்டிருந்த முட்டை வடிவப் பாதையோடு சேர்த்து வைத்தபோது குறுக்குப்பாதையின் முனை வேறு பக்கம் பார்த்தது.

"உன்ற படம் தப்பு," என்றார் நங்கை.

"படம் கம்ப்யூட்டர் போட்டதுங்க. தப்பா இருக்காது."

"அப்ப என்ற கை தப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டார். நானும் இறங்கி வந்துவிட்டேன். இத்தனை நாள் யாருக்காக மாரடித்தேன் என்று எனக்குக் கோபம். அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கணவர் என்னிடம், "ஆயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆகவில்லை என்றேன். அவர் முகத்தில் தெரிந்தது வருத்தமா, அட்டைப்பெட்டிகளைப் பற்றிய கவலையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. கிராசிங் சரியாகிவிட்டால் அறை போய்விடும். நங்கை மறுபடி முன்னறைக் கட்டிலுக்கும் போனுக்கும் போய்விடுவார். நான் மாடிக்கு ஏறக் காரணம் இருக்காது. அப்படியென்றால் எனக்கு அது சரியாக வேண்டுமா வேண்டாமா? பேருந்தில் பல்லடம் ரோட்டு நெரிசலில் நின்றுகொண்டு இதை யோசித்தேன். முடிவுக்கு வர முடியவில்லை. நங்கைக்கே அது சரியாக வேண்டுமா என்பதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது நங்கை படியிறங்கி வந்தார். முழங்கால் வலிக்கு அவர் கீழே வருவது அபூர்வம். ஒரு கையில் நான் எடுத்துக் கொடுத்த தாளின் மிச்சத் துண்டு, இன்னொரு கையில் நுணுக்கமாக அளவு பார்க்கும் அவர் கடைக்காலத்து வெர்னியர். படத்தின் பின்னணியில் அளவுக்காக மென்பொருள் போட்ட மெல்லிய சதுரக் கட்டங்கள் இருந்தன. நான் அவற்றைப் பொருட்படுத்தியதே இல்லை.

"கண்ணு, இதைக் கொஞ்சம் பாரு. சதுரம் சதுரமா இல்லியே."

வெர்னியரை ஒரு கட்டத்தின் நீளவாட்டில் வைத்துக் காட்டினார். இருக்க வேண்டியதைவிட எண் கொஞ்சம் அதிகம். அகலவாட்டில் வைத்தார். அதிலும் அதிகம், ஆனால் வேறு அளவு. இன்னொரு கட்டம். அதே இரண்டு எண்கள்.

அதிகமாக இருந்த அந்த இரண்டு அளவுகளையும் நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இட்லிக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டேன்.

பனியன் துணி துவைத்தால் சுருங்கும். நீளத்தில் ஒரு அளவு, அகலத்தில் வேறு அளவு. அதனால் சுருங்கப்போகும் அளவைக் கணக்குப் பார்த்து முன்கூட்டியே பெரிதாக வெட்டுவோம். எங்கள் மென்பொருளில் அப்போது ஓடிய ஆர்டருக்கான சுருக்கத்தைப் பதிந்து வைத்திருந்தோம். உள்ளே வரும் எந்தப் படத்துக்கும் அது தானாகவே சேர்ந்துகொள்ளும். நான் ஏற்றியது டி-ஷர்ட்டா தண்டவாளமா என்று அதற்கு என்ன தெரியும்? பெருக்கிக் கொடுத்துவிட்டது. இரண்டு பக்கமும் வேறுவேறு அளவில் பெருகியதால் ஒரு பாதை கொஞ்சம் அகலமாகவும், இன்னொன்று அதைவிட அகலமாகவும், வெட்டும் கோணமே மாறியும் வந்திருக்கிறது.

இதையெல்லாம் அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "நங்கையா, உங்க தண்டவாளத்தை ஒருக்கா தொவச்சா சரியான அளவுக்கு வந்துருமுங்க," என்றேன்.

ஒரு நொடி என்னை முறைத்தார். அத்தனை வருடம் பனியன்காரர்களிடம் வியாபாரம் செய்தவர், புரிந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து அன்றுதான் பார்த்தேன். என்ன என்று கேட்டுக்கொண்டே கணவர் பல்துலக்கும் பிரஷோடு ஓடிவந்தார். இருவராலும் சொல்ல முடியவில்லை.

சுருக்கத்தை நீக்கிவிட்டு மறுபடி எடுத்துக் கொடுத்தேன். நங்கை பழையதைப் பிய்த்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை பெட்டி இரண்டு பாதைகளிலும் நழுவிக்கொண்டு போனது. எஞ்சினை வைத்தோம். கிராசிங்கை நெருங்கும் முன்பே, கன்ட்ரோலரில் கரண்ட்டைத் திறந்த நொடியிலேயே, சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுபோனது.

மறுபடியும் திரையைத் திறந்து படத்தைத் தேடினேன். அதில் தப்பு எதுவும் இல்லை. தப்பு படத்திலேயே இல்லை என்று இணையக்குழுவில் சொன்னார்கள். எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாக வருகிறது. ஒரு தண்டவாளத்தில் பிளஸ், அடுத்ததில் மைனஸ். இரண்டும் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட் ஆகத்தானே செய்யும்? இரும்பும் செம்பும் ஈயமுமாகச் சேர்த்து நங்கை அதை ஒரே துண்டாக்கி வைத்திருந்தார். படம் போடும் மென்பொருளுக்கு மின்சாரம் தெரியாது. எனக்கும் தெரியாது. நங்கைக்கு மோட்டார் தெரியும், இது தெரியாது.

எங்கே வெட்ட வேண்டும் என்று அவர்கள் அனுப்பிய படத்தை ஒரு முழு வாரம் பார்த்தோம். நான் ஒன்று சொல்வேன், நங்கை வேறு சொல்வார், அடுத்த நாள் இருவரும் இடம் மாறியிருப்போம். கடைசியில் சிவப்பும் நீலமுமாகத் தையல் நூலை எடுத்து, ஒவ்வொரு தண்டவாளத்தின்மேலும் பிளஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று என்று அதனதன் நிறத்தில் நூலை நீட்டிவைத்தோம். இரண்டு நிறமும் தொடும் இடங்களில் எல்லாம் அவர் ஆக்ஸா பிளேடால் மெல்லிய வெட்டுப் போட்டார். செய்தது சரிதானா என்று கடைசி வெட்டுவரை எங்களுக்கு உறுதி இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை எஞ்சினை வைத்து, மூன்று பெட்டிகளை மாட்டினார். கன்ட்ரோலரைத் திருகினார். சிவப்பு விளக்கு எரியவில்லை. எஞ்சின் கிளம்பி, வளைவில் திரும்பி, குறுக்குப்பாதையில் இறங்கி வந்தது. கிராசிங்கின்மேல் ஏறும்போது டக்கு டக்கு என்று ஒரு சத்தம். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், விழுந்தால் பிடிக்க. விழவில்லை. கடைசிப் பெட்டியும் தாண்டியது.

நங்கை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு சுற்று விட்டார். பிறகு என்னிடம், "போயி அவனைக் கூட்டிட்டு வா," என்றார்.

கணவர் கையில் டேப் ரோலோடு வந்தார். வாசலிலேயே நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். உள்ளே வந்து பலகைக்குக் கண்ணை இறக்கி இன்னொரு சுற்றுப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, அந்தச் சந்துல சக்கரம் எறங்காம எப்படிப் போவுது?"

"போவுது," என்றார் நங்கை. "இன்னொருக்கா பாரு."

நாலைந்து சுற்றுகளுக்குப் பிறகு எஞ்சினை நிறுத்தியது நங்கைதான். "சொன்னது சொன்னதுதான். பெட்டியக் கொண்டாந்து அடுக்கிக்க," என்றார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பிறகு பலகையின் கால்களைப் பார்த்தார்.

மறுநாள் ஷெட்டிலிருந்து பெட்டிகள் மாடிக்கு வந்தன. பலகையின் கால்களைக் கழற்றிவிட்டு, பேக் செய்த பெட்டிகளை சுற்றி நிற்க வழி விட்டு இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் பலகையை அப்படியே தூக்கி வைத்தார் என் கணவர். மட்டம் பார்க்க ரசமட்டம்கூட வாங்கி வந்திருந்தார். பெட்டிக்கும் இடம் ஆயிற்று, ரயிலுக்கும் இடம் ஆயிற்று. இதை ஏன் முதலிலேயே யாரும் யோசிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது ரயில் அந்தப் பெட்டிகள்மேல்தான் ஓடுகிறது. ஆர்டர் லாரி ஏறும் நாளில் நானும் நங்கையும் பலகையை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொள்வோம். கணவர் பலகைக்குக் கீழிருந்து பெட்டிகளை உருவிவிட்டு வேறு பெட்டிகளைச் செருகுவார். இரண்டாவது எஞ்சின் ஒன்றும் வந்துவிட்டது, பச்சை நிறம். அது கிராசிங்கை ஒரு திசையில் அழகாகத் தாண்டுகிறது. எதிர்த்திசையில் போனால் நட்டநடுவில் நின்றுவிடுகிறது. படத்தை மறுபடி பார்த்தேன். வெட்டுகளை எண்ணிப் பார்த்தோம். வெர்னியர் வைத்தோம். இணையக்குழுவில் கேட்டேன்; ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டு, வழக்கம்போலத் தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டார்கள். பெட்டிகளின் மட்டம் மாறுவதால் இருக்கலாம் என்கிறார் கணவர். எஞ்சின் சக்கரத்தில் கோளாறு என்கிறார் நங்கை. எனக்கு எதுவும் தோன்றவில்லை.

நேற்றும் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மேலிருந்து குரல் வந்தது.

"கண்ணு, சித்தெ மேல வா. மறுக்காவும் நின்னுபோச்சு."

"வந்துட்டனுங்க நங்கையா," என்று படியேறினேன்.